நான்கு நிமிட நிறுத்தம்

அத்தியாயம் 7

இருபது நொடி. அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு 227 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றியது. இருபது நொடி எரிந்தது. பிறகு சாம்பல் நிறமாகிவிட்டது.

"நேத்து நாலு நிமிஷம் இருந்துச்சு டீச்சர்," என்றாள் வினோதா. கண்கள் திரையை விட்டு அசையவில்லை. "முந்தாநாளும் நாலு நிமிஷம். இன்னைக்கு கோல் அடிக்க வேணாம்னு சொன்னீங்க. நானும் அடிக்கல. போயிருச்சு."

ஜெயந்தினி நனைந்த குடையை மூலையில் சாத்தினாள். காலை ஆறு மணியிலிருந்து மூன்றாம் மடுவத்தைச் சுற்றியிருந்த ஓடையையும் புதரையும் சின்னத்தம்பியோடு அலசிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கொழுந்து நிறுக்கும் அந்தக் கொட்டகையைச் சுற்றி அரை மைலுக்கு ஒரு செருப்புத் தடம்கூடக் கிடைக்கவில்லை.

"கெடச்சது அட்டதான்," என்றார் சின்னத்தம்பி, காலை மடக்கிக் கணுக்காலில் ஒட்டியிருந்த ஒன்றைப் பிய்த்தபடி. "எட்டுப் பேரு என் ரத்தத்தக் குடிச்சிட்டுப் போயிருக்கானுங்க. ஒருத்தன்கூட சாட்சி சொல்ல வரல."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பத்து வருடம் கொழுந்து லொறியில் கிளீனர், பிறகு ஹட்டனில் ஆட்டோ, இப்போது ஜெயந்தினியின் தேடல்களுக்குத் துணை. மௌனம் நீண்டால் எதையாவது சொல்லி அதை உடைத்துவிடுவது அவருடைய பழக்கம்.

வட்டவளைக்கு மேலே இருக்கும் மேகக்கல் தோட்டத்தில் கணினிகளையும் போன்களையும் பார்த்துக்கொண்டவன் நிரோஷன், வினோதாவின் கணவன். திங்கட்கிழமை மத்தியானம் ஒபிஸிலிருந்து இறங்கி நடந்தவன் வீடு திரும்பவில்லை. இன்று வெள்ளி.

தோட்டத்துப் போன்கள் எல்லாம் இன்டர்நெட் வழியாகப் பேசுபவை. ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண். நிரோஷனின் எண் 227, அவனுடைய கைப்போனுக்குள்ளேயே இருந்தது. தோட்டத்து வயர்லெஸ் எங்கே கிடைத்தாலும் அந்தப் போன் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டதும் ஒபிஸில் இருக்கும் சேர்வர் நேரத்தைக் குறித்து வைக்கும். வெளி நெட்வொர்க்கில் அவன் கைப்போன் செத்துக் கிடந்தது. இந்தப் பச்சைப் புள்ளி மட்டும் ஒரு நாளைக்கு மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"அது பழைய பதிவு மிஸ். பேய் மாதிரி வந்து வந்து போகும்," என்றான் திலக்ஷன். ஒபிஸ் கிளாக்கர். மூன்று நாளாக இதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். "அவன் ஓடிட்டான். திங்கக்கெழம காலையில சேர்வர்ல இருந்ததத் தூக்கிட்டு வேற என்னமோ போட்டான். பாருங்க, படம் இல்ல, மவுஸ் இல்ல. கறுப்புத் திரையில வெள்ள எழுத்து. மெசின சாகடிச்சிட்டு, அட்டனுக்கு சாமான் வாங்கப் போறேன்னு போனவன்தான்."

"மெசின் சாகல தம்பி. லினக்ஸ் போட்டிருக்காரு. சேர்வருக்குப் படம் எதுக்கு? அது வேல செய்யுது. உங்களோட பேசல, அவ்வளவுதான்," என்றாள் ஜெயந்தினி.

"எங்க வீட்டுக்காரி மாதிரி," என்றார் சின்னத்தம்பி. "பேசலன்னா உள்ள பெரிய வேல நடக்குதுன்னு அர்த்தம்."

நிரோஷன் ஓடிவிட்டான் என்று பொலிஸும் நம்பியது. அதற்குக் காரணம் கறுப்புத் திரை அல்ல, ஒரே ஒரு வரி. புதன்கிழமை சாயங்காலம் பச்சைப் புள்ளி வந்ததும் வினோதா 227ஐ அழைத்திருந்தாள். இரண்டு தரம் மணி போனது. மறுமுனையில் யாரோ அழைப்பைத் துண்டித்தார்கள். 'எடுக்கவில்லை' என்றல்ல, 'மறுக்கப்பட்டது' என்றுதான் சேர்வர் எழுதியிருந்தது.

"என் கோல கட் பண்ணினாரு," என்றாள் வினோதா. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தாழ்ந்துவிடும். "வேற பொம்பள இருக்கும்னு பொலிஸ்ல சொல்றாங்க. இருக்கட்டும் டீச்சர். என்னைய வேணாம்னு போயிருந்தாலும் பரவாயில்ல. எங்கயோ உசுரோட இருந்து என் கோல கட் பண்ணிக்கிட்டே இருக்கட்டும்."

ஜெயந்தினிக்கு அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. 'பதிவு', 'புள்ளி', 'எண்' என்றே நேற்று மாலையிலிருந்து தான் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். ஒருமுறைகூட 'அவர்' என்று சொல்லவில்லை. கலங்காத பெண் என்றுதான் ஊரில் தன்னைத் தேடி வருகிறார்கள். கலங்கிவிடுவோம் என்ற பயத்தில் எண்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவள் என்று அவர்களுக்குத் தெரியாது.

அதோடு, இன்றைய இருபது நொடிக்கு அவள்தான் பொறுப்பு. நாலு நாள் சார்ஜ் ஏறாத போன். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் மிச்சமிருக்கும் உயிர் கொஞ்சம் கரையும். இடத்தை நெருங்கிய பிறகு அடிக்கலாம், அதுவரை வேண்டாம் என்று தடுத்தவள் அவள். அப்படியும் புள்ளி சுருங்கிவிட்டது. பெட்டரி முடிகிறது என்றுதான் அர்த்தம். சாயங்காலம் அது வராமலே போகலாம்.

"லொறி சாயங்காலம் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

"நாலரைக்குப் பொறப்படும் மிஸ்."

நேற்றே அவள் கண்டுபிடித்த ஒரே உண்மை இதுதான்: 227 ஒவ்வொரு முறையும் வந்து ஒட்டிக்கொண்டது 'லொறி-2' என்ற வயர்லெஸில். கொழுந்து நிறுவையை உடனுக்குடன் அனுப்புவதற்காக லொறியின் கூரையில் ஒரு கம்பியும், உள்ளே ஒரு ரவுட்டரும் வைத்திருந்தார்கள். வைத்தவனே நிரோஷன்தான். கம்பி பெக்டரிக் கோபுரத்தோடு பேசும். ரவுட்டர் லொறியைச் சுற்றி ஐம்பது அறுபது கெஜத்துக்குள் இருக்கும் போன்களோடு பேசும். அப்படியானால் லொறி போகும் பாதையில் எங்கோ, அறுபது கெஜத்துக்குள், அந்தப் போன் கிடக்கிறது. நாலு நிமிடம் ஒட்டியிருந்தால் லொறி நாலு நிமிடம் நின்றிருக்க வேண்டும். லொறி நிற்பது மடுவங்களில். அந்த நேரத்துக்குப் பொருந்துவது மூன்றாம் மடுவம். கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தும் பலன் எட்டு அட்டை மட்டுமே.

"நாலு நிமிஷத்துல கொழுந்து நிறுத்தா அது நிறுவை இல்ல டீச்சர், களவு," என்றார் சின்னத்தம்பி திடீரென்று. "அம்பது பொம்பளைங்க, அம்பது சாக்கு, அம்பது சண்ட. அர மணி நேரம் ஆகும்."

ஜெயந்தினி திரும்பினாள். "இத ஏன் காலையில சொல்லல?"

"நீங்க தேடுன்னீங்க. தேடினேன். எவ்வளவு நேரம் நிறுப்பாங்கன்னு கேக்கலியே."

கோபப்படக்கூட நேரமில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்தாள். கடவுச்சொல்லை நிரோஷன் உறையில் போட்டுக் கிளாக்கரிடம் கொடுத்திருந்தான். நேற்று ஜெயந்தினி கேட்கும்வரை திலக்ஷன் அதைப் பிரிக்கவே இல்லை.

செவ்வாயிலிருந்து எல்லாப் பதிவுகளையும் வரிசையாக எடுத்தாள். செவ்வாய், மூன்று முறை: இருபது நொடி, இருபத்திரண்டு, இருபது. புதன் காலை: இருபது. புதன் மத்தியானம்: நாலு நிமிடம். சாயங்காலம் நாலு நிமிடம். வியாழன் மூன்று முறையும் நாலு நிமிடம். இன்று காலை இருபது நொடி. மத்தியானம் இருபது.

அவள் விரல் முதல் வரிக்குத் திரும்பியது. செவ்வாய்க்கிழமை பெட்டரி நிறைந்திருந்த போன். அன்றைக்கும் இருபது நொடிதான்.

"பெட்டரி இல்ல," என்றாள் வாய்விட்டு. "பெட்டரியா இருந்தா செவ்வாய்க்கெழம ஏன் இருபது நொடி? வினோதா, நீங்க மொத மொத எப்ப அடிச்சீங்க?"

"புதன்கெழம மத்தியானம். அன்னைக்குத்தான் இவரத் தேடித்தரச் சொல்லி இங்க சண்ட போட வந்தேன். புள்ளியப் பாத்ததும் அடிச்சேன்."

"வியாழக்கெழம?"

"மூணு தரமும் அடிச்சேன்."

"இன்னைக்கு அடிக்கல."

"நீங்கதானே டீச்சர்..."

"ஆமா. நான்தான்." ஜெயந்தினி எழுந்துவிட்டாள். "லொறி இருபது நொடியில அந்த எடத்தக் கடந்து போகுது. அது வழக்கம். நீங்க அடிச்ச நாள்ல மட்டும் நாலு நிமிஷம் நின்னுருக்கு. லொறி நின்னதால மணி அடிக்கல வினோதா. மணி அடிச்சதாலதான் லொறி நின்னுச்சு. கீழ எங்கயோ அடிச்ச சத்தத்த மேல ஒருத்தர் கேட்டிருக்காரு."

"கேட்டவன் ஏன் வாயத் தொறக்கல?" என்றார் சின்னத்தம்பி.

"அத அவர்கிட்டதான் கேக்கணும்."

வினோதா செருப்பைத் தேடினாள். ஜெயந்தினி அவள் தோளைப் பிடித்து மறுபடி போனுக்கு முன்னால் உட்கார வைத்தாள். அவள் தோள் எலும்பு உள்ளங்கையில் குத்தியது.

"நீங்க இங்கயே இருக்கணும். புள்ளி வந்ததும் அடிங்க. நிறுத்தாம அடிங்க. நீங்க இங்க இருந்தாதான் அவரு இருக்கிற எடம் சத்தம் போடும்."

சொன்ன பிறகுதான் 'அவரு' என்று சொல்லிவிட்டது அவளுக்கே கேட்டது.

*

பெக்டரி வாசலில் லொறி-2 மத்தியானக் கொழுந்தை இறக்கிக்கொண்டிருந்தது. டிரைவர் பொன்னையா மட்காட்டில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, நெற்றியில் கலையாத விபூதி.

"என்னா பொன்னையாண்ணே, டிரைவர் வேலையோட பூசாரி வேலயும் பாக்குறீங்களா?" என்று சின்னத்தம்பி லொறிக்குள் தலையை நீட்டினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மூன்று கற்பூரப் பாக்கெட்டுகள், அதில் இரண்டு காலி, ஒரு தீப்பெட்டி.

"வீட்டுக்கு வாங்கினது."

"வீட்டுக்கு வாங்கினதுல ரெண்டு பாக்கெட்டு ரோட்டுலயே காலியாயிருச்சே."

பொன்னையா கோப்பையைக் கீழே வைத்தார். பெக்டரி பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வழியில லொறிய நிப்பாட்டினா வேல போயிரும் தங்கச்சி," என்றார் ஜெயந்தினியிடம். "தோட்டத்துக்கு வந்த புதுத் தொரை சொல்லிட்டாரு."

"எங்க நிப்பாட்டினீங்க?"

"நான் நிப்பாட்டல. சாமி நிப்பாட்டிச்சு." அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏழாம் நம்பர் மலையில கவ்வாத்து தொடங்கிட்டாங்க. கத்தி வைக்கிறதுக்கு முன்னால கவ்வாத்துசாமிக்குத் தேங்கா ஒடச்சு, சேவல அறுத்து பூச வைப்போம். எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான். இந்தத் தொரை, வேல நேரத்துல பூசையான்னு கேட்டாரு. பூச இல்லாமலே செடிய வெட்டிட்டாங்க. புதன்கெழம மத்தியானம் அந்தச் சாமிக் கல்லுக்கிட்ட வளைவுல திரும்புறேன், கல்லுக்குக் கீழ இருந்து மணிச் சத்தம். பள்ளத்துக்குள்ள இருந்து. அங்க ஏது மணி? ஆளு போற எடமா அது? நான் எறங்கி, சூடம் கொளுத்தி, மன்னிச்சிரு சாமின்னு கும்புட்டேன். சாயங்காலமும் அடிச்சுச்சு. நேத்து மூணு தரம்."

"இன்னைக்கு?"

"காலையிலயும் இல்ல, மத்தியானமும் இல்ல." அவர் முகத்தில் சின்ன நிம்மதி ஒன்று தெரிந்தது. "சாமி குளுந்துருச்சுன்னு நெனச்சேன்."

சின்னத்தம்பி வாயைத் திறந்தார். ஏதோ ஒரு கேலி நாக்கு நுனிவரை வந்திருக்க வேண்டும். பிறகு மூடிக்கொண்டார். அவர் அப்படிச் செய்ததை ஜெயந்தினி இதற்குமுன் பார்த்ததில்லை.

"அண்ணே, அது சாமி இல்ல," என்றாள் அவள். "அது நிரோஷனோட போன். லொறிய எடுங்க."

பொன்னையாவுக்கு அது புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தொரையின் ஜீப் வாசலில் நின்றிருந்தது; அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதிக் கொழுந்து இறக்காமல் கிடக்க, லொறி கிளம்பியது.

"ஏழாம் நம்பர் மலைக்கு மேலதானே தோட்டத்து வயர்லெஸ் கம்பம்?" என்றார் சின்னத்தம்பி.

"ஆமா. புது சேர்வரப் போட்டுட்டு, சிக்னல் வருதான்னு போற வழியில ஒருதரம் பாத்துட்டுப் போவோம்னு நெனச்சிருப்பாரு. குறுக்குப் பாதையில ஏறியிருப்பாரு."

"அப்ப அந்த கட் பண்ணினது?"

"ஒரு வெரல் போன் வரைக்கும் போயிருக்கு. அதுதான் நமக்குத் தெரியும்."

அது புதன்கிழமை சாயங்காலம். அதற்குப் பிறகு அந்த விரல் எதையும் தொடவில்லை. வியாழக்கிழமை மூன்று அழைப்புகளும் மணி அடித்து அடித்து ஓய்ந்தவை. இதை இருவரும் நினைத்தார்கள். கண்ணாடியில் தூறல் விழ ஆரம்பித்தது. ஓர் உயிரின் மேல் பந்தயம் கட்டுவதைப் போல இருபது நொடிகளையும் நாலு நிமிடங்களையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த தன் மனத்தின்மேல் ஜெயந்தினிக்கு அருவருப்பாக இருந்தது. அப்படியும் அது நிற்கவில்லை. காலையிலேயே பதிவுகளைப் பார்த்திருந்தால் ஒன்பதரைக்கே தெரிந்திருக்கும். நாலு மணி நேரம். நாலு நாள் கிடந்த உடம்புக்கு நாலு மணி நேரம் என்றால் என்ன?

வளைவில் பொன்னையா லொறியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். குங்குமம் அப்பிய கல். அதைச் சுற்றிக் கறுத்த கற்பூரத் தடங்கள். கல்லுக்குப் பின்னால் மலை சட்டென்று இறங்கி மூடுபனிக்குள் மறைந்தது.

மூவரும் விளிம்பில் நின்றார்கள்.

பத்து நொடி. இருபது. பெரணி இலைகளில் தூறல் விழும் சத்தம் மட்டும். ஒரு நிமிடம் போயிற்று.

"ஒட்டலியா?" என்றார் சின்னத்தம்பி கிசுகிசுப்பாக.

ஜெயந்தினி தன் போனைப் பார்த்தாள். லொறியின் வயர்லெஸ் முழுசாக இருந்தது. அப்படியானால் கீழே இருப்பது அணைந்துவிட்டது. மத்தியானத்து இருபது நொடியே கடைசி. மிச்சம் வைத்துக் காப்பாற்ற நினைத்ததை வைத்தே இழந்துவிட்டாள். ஒபிஸில் சாம்பல் நிறப் புள்ளியின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இதை எந்தச் சொற்களால் சொல்வது?

மூடுபனிக்குள் மணி அடித்தது.

பழங்காலத்துத் தொலைபேசியின் கணீரென்ற மணி. பொன்னையாவின் கைகள் தாமாகக் குவிந்தன. பிறகு அவர் குவித்த கைகளை உதறிப் பிரித்துக்கொண்டு, "தம்பீ!" என்று அலறியபடி முதல் ஆளாகப் பள்ளத்தில் இறங்கினார்.

வேரையும் புல்லையும் பிடித்து இறங்கினார்கள். சாகப்போகும் பெட்டரியில் போன் ஒட்டவே அவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது. மணி நின்றது. மறுபடி அடித்தது. நிறுத்தாமல் அடிக்கச் சொன்னது எவ்வளவு நல்லதாயிற்று. நாற்பது அடி கீழே, இரண்டு பாறைகளுக்கு இடையில் ஒரு கருவிப் பை சிக்கியிருந்தது. அதன் வெளி உறையில் போன் மின்னிக்கொண்டிருந்தது. பைக்குக் கீழே நிரோஷன். ஒரு கால் பாறைக்கு அடியில் கோணலாகப் போயிருந்தது. தலைக்கு மேலே நீண்டிருந்த கையின் விரல் நுனி போனின் விளிம்புப் பொத்தானை மட்டும் தொடும் தூரம். அழுத்தினால் அழைப்பை வெட்டத்தான் முடியும், எடுக்க முடியாது.

சின்னத்தம்பி அவன் மூக்கருகே புறங்கையை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"மூச்சு வருது," என்றார்.

கண் இமை அசைந்தது. உதடும் அசைந்தது, சத்தம் வரவில்லை. கத்திக் கத்திக் குரல் எப்போதோ போயிருந்தது. பாறையிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவன் கன்னத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

ஜெயந்தினி போனை எடுத்தாள். இரண்டு சதவீதம். பச்சையை அழுத்தினாள். 'உயிரோட இருக்காரு' என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்தச் செய்தியைத் தன் குரலில் கொடுக்க அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. போனை அவன் வாயருகே பிடித்தாள்.

மறுமுனையில் வினோதாவுக்கு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும். அது யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

நிரோஷனின் தொண்டை ஏறி இறங்கியது. காற்றும் சொல்லும் கலந்து வெளியே வந்தது.

"வாழப்பழம்... மூணு. தேங்கா, ஒரு துண்டு."

திரை கறுத்தது.

ஜெயந்தினி அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். பெரணிகளுக்கிடையே உடைந்த தேங்காய் மூடிகள் சிதறிக் கிடந்தன. மேலேயிருந்து உருண்டு வந்தவை. அவன் இடது கை எட்டும் வட்டத்துக்குள் கறுத்துப்போன பழத்தோல்கள். வட்டத்துக்கு வெளியே இரண்டு பழங்கள், தொடப்படாமல் அழுகிக்கொண்டிருந்தன.

"சாமிக்குன்னு வீசினேன்," என்றார் பொன்னையா. "இன்னைக்கு ஒண்ணும் வீசலியே தம்பி. சத்தம் இல்லன்னதும் நிக்காமப் போயிட்டேனே."

"நிக்க விடாமப் பண்ணினது நான் அண்ணே," என்றாள் ஜெயந்தினி. "மணிய நிறுத்தச் சொன்னது நான்தான்."

அவர் காதில் அது விழவில்லை. சின்னத்தம்பி கயிறும் படங்குச் சாக்கும் எடுக்க மேலே ஓடிக்கொண்டிருந்தார். கவ்வாத்து வெட்டும் ஆட்களைக் கூப்பிடும் அவர் குரல் மலையில் எதிரொலித்தது. பொன்னையா சேற்றில் மண்டியிட்டு, சட்டைப் பையில் கையை விட்டார். மணி மறுபடி அடித்தால் கொடுப்பதற்கென்று சாயங்காலத்துக்கு வாங்கி வைத்திருந்த பழம். அதை உரித்து, நகத்தளவு கிள்ளி, நிரோஷனின் உதட்டில் வைத்தார். அவன் விழுங்கும்வரை காத்திருந்தார். பிறகு அடுத்த நகத்தளவைக் கிள்ளினார்.